ஏழு விமானங்களைக் காணவில்லை

அந்த வெள்ளிக்கிழமை மாலை, பாரிசின் ரூ லூயி-பிளாங்க் தெருவில் உள்ள ரவி அண்ணையின் கைப்பேசிக் கடைப் பின்னறையில் இருந்தவர்கள் மூன்று பேர். கடைக்காரரும் புறநகர்ப் பியர்ஃபித்தில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பொருளாளருமான ரவி அண்ணை, பக்கத்து உணவகத்தில் கொத்துரொட்டி போடும் குகன், நான். வராதவர்கள்: பள்ளித் தலைவர் (லண்டனில் ஏதோ கல்யாணம்), என் பதிப்பாளர் (சென்னையை விட்டு நகர மாட்டார்), அப்புறம் ஏழு குண்டுவீச்சு விமானங்கள். அந்த ஏழும் எங்கே என்று கேட்கத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

குகனை யாரும் கூப்பிடவில்லை. உடைந்த கைப்பேசிக் கண்ணாடியை மாற்ற வந்தவர், வழக்கு சுவாரசியமாக இருந்ததால் தங்கிவிட்டார்.

நான் பாரிசுக்கு வந்தது விமானம் தேடி அல்ல. ஓசூரில் நான் வேலை பார்க்கும் ஆலைக்குப் புதிதாக ஓர் இயந்திரம் வரவிருந்தது. அதை ஓட்டிப் பழக என்னை இரண்டு வாரம் பாரிசை ஒட்டிய லா கூர்னெவுக்கு அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆளும் நானே. விமானத்தில் ஏறியதும் கொடுத்த சின்ன வெண்ணெய் டப்பாவைத் தின்னாமல் அப்பாவுக்குக் காட்டப் பையில் வைத்தேன். லா கூர்னெவ் வந்து சேர்வதற்குள் அது உருகி என் இரண்டு சட்டைகளுக்குள் போய்விட்டது.

திங்கள் முதல் வியாழன் வரை பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மதியம் பன்னிரண்டடித்தால் இங்கே இயந்திரங்கள்கூடச் சாப்பிடப் போய்விடுகின்றன. எங்கள் ஆலையில் ஒரு கையில் டிபன் பாக்ஸும் மறு கையில் ஸ்பேனருமாக நிற்போம். இங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கடைசியில் வாடை வீசும் பாலாடைக்கட்டி ஒரு துண்டும் தின்று முடித்துத்தான் எழுகிறார்கள். மாலையில் ஆளுக்கொரு நீள ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு போகிறார்கள். பொங்கலுக்கு முந்தின நாள் நாங்கள் கரும்பை இப்படித்தான் கொண்டுபோவோம். ஆனால் கரும்பைத் தோலுரித்துத்தான் தின்போம்.

புதன்கிழமை நாக்கு செத்துப்போனதால் ரயிலேறித் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலுக்குப் போனேன். நிலையத்தை விட்டு வெளியே வந்த முதல் நிமிடமே ஒருவர் இன்னொருவரை, "உனக்கு விசர்!" என்று தமிழில் திட்டியது காதில் விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று நான்கு மீன் ரோல்ஸ் தின்றேன்.

இனி வழக்கைச் சொல்கிறேன். போரில் ஐந்து எதிரி விமானங்களை வீழ்த்திய விமானிக்கென்று ஒரு தனிப் பெருமை உண்டு. சிலர் அந்த ஐந்தையும் ஒரே நாளில் செய்திருக்கிறார்கள். காலைக் காப்பிக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில். அவர்களைப் பற்றி 'ஒரே நாளில் ஐந்து' என்று ஒரு சிறு புத்தகம் எழுதினேன். கல்லூரி நூலகத்தில் யாரும் தொடாத ஓர் அலமாரியிலிருந்து ஆறு வருடம் சேர்த்த விஷயம். முந்நூறு பிரதி அச்சிட்டார்கள். அதில் நூற்றிருபதை ரவி அண்ணை தன் பள்ளியின் பரிசளிப்பு விழாவுக்காக வாங்கினார். மாம்பழக்கூழ் ஆலையில் மூட்டை இறக்கும் என் அப்பா, டீக்கடையில் பையன் புத்தகம் பாரிசு வரைக்கும் போயிருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டீக்கடைக்காரர் நம்பவில்லை என்பதால் தினமும் சொன்னார்.

அந்த நூற்றிருபதும் இப்போது ரவி அண்ணையின் மேசைக்கடியில் இரண்டு பெட்டிகளில் இருந்தன. விழா ஞாயிற்றுக்கிழமை. நான் பாரிசில் இருப்பதைப் பதிப்பாளர் அவருக்குச் சொல்லியிருந்தார்.

"இரும் தம்பி. தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதைப்பம்" என்றார் ரவி அண்ணை. நான் குடித்து முடிக்கும்வரை கூடப் பொறுக்கவில்லை. "இந்தா பாரும், நாப்பத்தேழாம் பக்கம். ஒரே பின்னேரம், ஒரே படைப்பிரிவு, மூண்டு பிரெஞ்சு விமானியள். ஒராளுக்கு அஞ்சு, மற்றாளுக்கு நாலு, மற்றாளுக்கு மூண்டு. கீழ என்ன போட்டிருக்கிறீர்?"

"மொத்தம் பன்னிரண்டுன்னு போட்டிருக்கேங்கண்ணே."

மேசையிழுப்பறையிலிருந்து ஒரு பழைய பிரெஞ்சுப் பத்திரிகையை எடுத்து வைத்தார். சந்தையில் ஒரு யூரோவுக்கு வாங்கியதாம். "இது பிரெஞ்சுக்காரன் எழுதினது. அண்டைக்கு விழுந்தது அஞ்சே அஞ்சு. எந்தெந்த வயலுக்குள்ள விழுந்தது எண்டு படமும் போட்டிருக்கிறான். மிச்சம் ஏழும் எங்க போச்சுது?"

"கடலுக்குள்ள விழுந்திருக்கும் அண்ணை" என்றார் குகன்.

"அந்தப் பக்கம் கடல் இல்லையடா."

"அப்ப கிணத்துக்குள்ள."

நான் புத்தகத்தைப் புரட்டினேன். மூன்று விமானிகளின் எண்களும் மூன்று வெவ்வேறு நூல்களில் பார்த்து எழுதியவை. தப்பாக இருக்க வாய்ப்பே இல்லை என்றேன். பத்திரிகைக்காரருக்கு வயலில் விழுந்தது மட்டும் தெரிந்திருக்கும் என்றும் சொன்னேன். ரவி அண்ணை அசையவில்லை.

"பிள்ளையளுக்குப் பிழையான கணக்குக் குடுக்கேலாது. தலைவரும் ஊரில இல்லை, பொறுப்பு முழுக்க என்ர தலையில. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஏழையும் கண்டுபிடிச்சுத் தாரும். இல்லாட்டிப் பெட்டி இரண்டும் மெட்ராசுக்குத் திரும்பிப் போகுது. பிள்ளையளுக்குச் சாப்பாட்டுப் பெட்டி வாங்கிக் குடுத்திட்டுப் போறன்."

எனக்கு டீக்கடைக்காரரின் முகம் தெரிந்தது. பதிப்பாளர் எங்கள் ஊருக்கே திருப்பி அனுப்பும் நூற்றிருபதையும் அப்பாவே பேருந்திலிருந்து இறக்குவார். மூட்டை இறக்குவது அவர் தொழில்.

லெ பூர்ஜேயில் விமான அருங்காட்சியகம் இருக்கிறது. நாளைக் காலை அங்கே போய்க் கேட்டுவிடலாம் என்றேன். ரவி அண்ணை ஒத்துக்கொண்டார். குகனும் ஒத்துக்கொண்டார்.

"உனக்கென்னடா அங்க வேலை?"

"தீர்ப்புக் கேக்காமல் எனக்கு நித்திரை வராது அண்ணை. முதலாளிக்குக் காய்ச்சல் எண்டு சொல்லுறன்."

"ஆருக்குக் காய்ச்சல், உனக்கோ முதலாளிக்கோ?"

"முதலாளிக்குப் பிறகு வரும்."

சனிக்கிழமை காலை கார் து நோர் ரயில் நிலையத்தில் மூவரும் ரயிலேறினோம். ஏறும்போதே மேலே தொங்கிய பலகையைப் பார்த்துவிட்டு, இது லெ பூர்ஜேயில் நிற்குமா என்று கேட்டேன்.

"இருபத்திரண்டு வருசமா இந்த ரெயினில போறன். எனக்குப் படிப்பிக்காதையும்" என்றார் ரவி அண்ணை.

ரயில் கிளம்பியது. அவர் பத்திரிகையைத் திறந்து வைத்துக்கொண்டு என்னை இன்னொருமுறை குறுக்கு விசாரணை செய்தார். ஜன்னலில் லா கூர்னெவ் போனது. அடுத்து லெ பூர்ஜே என்ற பெயர்ப்பலகை மிக அழகாக, மிக வேகமாகப் போனது. மூவரும் அதைத் திரும்பிப் பார்த்தோம். நம் ஊரில் பேருந்து நிறுத்தத்தைத் தாண்டிவிட்டால் கத்தலாம், கூரையைத் தட்டலாம், ஓட்டுநரின் குடும்பத்தை விசாரிக்கலாம். இந்த ரயிலில் யாரிடம் கத்துவது?

அது நேராக விமான நிலையம் போகும் வண்டி. இறங்கியபோது கண்ணாடிக்கு அப்பால் விமானங்கள் வரிசையாக நின்றன.

"விமானம் தேடித்தானே வெளிக்கிட்டனாங்கள்" என்றார் குகன். "இஞ்சை நிறைய நிக்குது. ஏழை எடுத்துக்கொண்டு திரும்புவம்."

வாசலில் பயணச்சீட்டுப் பரிசோதகர்கள் நின்றார்கள். மற்ற இருவரிடமும் எங்கும் செல்லும் மாதாந்த அட்டை இருந்தது. என் சீட்டு லெ பூர்ஜே வரைக்கும்தான். பரிசோதகர் ஓர் இளம்பெண். ரவி அண்ணை எனக்காக வாதாடினார். அவர் பின்னர் மொழிபெயர்த்துச் சொன்னபடி அந்த உரையாடல் இது:

"இந்த இளைஞர் ஓர் எழுத்தாளர், மதாம்."

"வாழ்த்துகள். முப்பத்தைந்து யூரோ."

"தொலைந்துபோன ஏழு விமானங்களைத் தேடி வந்திருக்கிறார்."

"தொலைந்த பொருட்கள் அலுவலகம் அந்தப் பக்கம். முப்பத்தைந்து யூரோ."

நான் பணப்பையை எடுப்பதற்குள் ரவி அண்ணை தன் வங்கி அட்டையை நீட்டிவிட்டார். "விடும். வழக்கு முடியட்டும்" என்றார். எனக்குப் பெருத்த அவமானமாகிவிட்டது. தப்பான ரயிலில் ஏற்றியவர் அவர்தான் என்பது அரை மணி நேரம் கழித்தே உறைத்தது.

திரும்பும் ரயிலில் மூவரும் கதவருகே நின்றுகொண்டே வந்தோம். இம்முறை ஒவ்வொரு நிலையத்திலும் ரவி அண்ணை பெயரை உரக்க வாசித்தார்.

அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்தில் பழைய போர் விமானங்கள் நின்றன. சில கூரையிலிருந்து தொங்கின. ஆறு வருடம் கறுப்பு வெள்ளைப் படத்தில் பார்த்தவற்றை நேரில் பார்த்ததும் நான் வழக்கை மறந்துவிட்டேன். ஒவ்வொன்றின் மூக்கருகேயும் நின்று அதன் வேகம், துப்பாக்கி, எரிபொருள் என்று சொல்லிக்கொண்டே போனேன். குகன் எதன் மூக்கையும் பார்க்கவில்லை. தொங்கிய ஒரு விமானத்துக்கு நேர் கீழே போய், கழுத்தை மடக்கி மேலே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முன்னாடி வந்து பாருங்க, நல்லாத் தெரியும்" என்றேன்.

"எனக்கு விமானம் எண்டா வயிறுதான் மச்சான் தெரியும்" என்றார். "வன்னியில பங்கருக்குள்ள இருந்து வேற என்னத்தைப் பாக்கிறது? வந்தது ஒண்டோ இரண்டோ எண்டு சத்தத்தில சொல்லுவன்."

வேகத்தையும் எரிபொருளையும் அதன்பிறகு வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

கூடத்தின் மூலையில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண்மணி ரொட்டி தின்றுகொண்டிருந்தார். மணி பன்னிரண்டரை, கேட்கக் கூடாத நேரம். ரவி அண்ணை கேட்டார். என் புத்தகத்தையும் தன் பத்திரிகையையும் இரண்டு பக்கமும் விரித்துக் காட்டினார். அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, தமிழ் தெரியாவிட்டாலும் எண்களைப் பார்த்தார். ஐந்து, நான்கு, மூன்று. தலையாட்டினார். பத்திரிகையைப் பார்த்தார். அதற்கும் தலையாட்டினார்.

"இரண்டும் சரி" என்றார்.

"இரண்டும் எப்படிச் சரியாகும்?" என்றார் ரவி அண்ணை.

"எங்கள் படையில் மூன்று பேர் சேர்ந்து ஒரு விமானத்தை வீழ்த்தினால் மூவர் பேரிலும் எழுதுவார்கள்."

"ஆளுக்கு மூன்றில் ஒரு பங்காகவா?"

"பங்கெல்லாம் ஆங்கிலேயர் போடுவது. ஜெர்மானியர் ஒருவருக்கு மட்டும் கொடுப்பார்கள். நாங்கள் ஆளுக்கு ஒரு முழு வெற்றி."

"அப்படியென்றால் விழுந்தது மூன்றா?"

"விழுந்தது ஒன்றுதான், மிஸ்யூ. கூட்டச் சொன்னது யார்?"

ரவி அண்ணை இதை மொழிபெயர்த்துவிட்டு என்னைப் பார்த்தார். குகன் என்னைப் பார்த்தார். அந்த அம்மாவும் ரொட்டியோடு என்னைப் பார்த்தார்.

யாரும் சொல்லவில்லை. நானாகக் கூட்டினேன். ஆறாம் வகுப்பில் எங்கள் கணக்கு வாத்தியார், பட்டியலுக்கடியில் கோடு போட்டு 'மொத்தம்' எழுதாவிட்டால் அரை மார்க் குறைப்பார். வீட்டில் சரிபார்க்க ஆளில்லாத பையனுக்கு வாத்தியார் சொன்னதே சட்டம். அன்றிலிருந்து பட்டியலைக் கண்டால் கூட்டிவிடுவேன். ஒருமுறை பேருந்து நேர அட்டவணையை நகலெடுத்தபோது அடியில் நேரங்களையும் கூட்டி வைத்திருக்கிறேன். மூன்று எண்களையும் மூன்று நூல்களில் பார்த்தேன். நான்காவதை எதிலும் பார்க்கவில்லை. இல்லாத ஏழு விமானங்களையும் செய்தவன் நான்தான்.

இதைச் சொன்னதும் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ரவி அண்ணை தலையைச் சொறிந்தார். "எங்கட வாத்தியார் முழு மார்க்கும் வெட்டுவார்" என்றார்.

குகனுக்கு இன்னொரு கேள்வி இருந்தது. விழுந்ததை யார் எண்ணினார்கள், விமானி தானே வந்து சொன்னால் போதுமா? ரவி அண்ணை கேட்டுச் சொன்னார்: போதாது. கீழே நின்று பார்த்தவர்களின் சாட்சி தேடுவார்கள். காவல் நிலையில் இருந்த சிப்பாய், வயலில் நின்ற விவசாயி, யாராவது.

"அப்ப கீழ நிண்டவன்ர சொல்லுக்குத்தான் மதிப்பு" என்றார் குகன். கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். "எங்களிட்ட ஒருத்தரும் வந்து கேக்கேல்லை." பிறகு வயிற்றைத் தடவி, "பசிக்குது அண்ணை, வாங்கோ" என்றார்.

பிற்பகல் மூன்று மணிக்குக் கடைப் பின்னறையில் மறுபடி கூடினோம். எண்கள் சரி, மொத்தம் மட்டும் பிழை. நூற்றிருபது புத்தகத்திலும் அந்த ஒரு வரியை மாற்றினால் போதும் என்று ரவி அண்ணை தீர்ப்பளித்தார். பக்கத்தைக் கிழிக்கலாம் என்றார் குகன். கிழித்த புத்தகத்தைப் பரிசாகக் கொடுப்பதா என்றேன் நான். மை அழிக்கும் வெள்ளைத் திரவம் கடையில் ஒரே ஒரு குப்பி இருந்தது, காய்ந்து கல்லாகியிருந்தது.

ரவி அண்ணையின் கண் சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கியில் நின்றது. கைப்பேசி உறைகளுக்கு விலைச்சீட்டு ஒட்டும் துப்பாக்கி. அதன் சீட்டு என் 'பன்னிரண்டை' மூடச் சரியான அளவு. சக்கரத்தைத் திருகி ஐந்தில் வைத்தார். சோதனைக்குக் குகனின் கையில் ஒரு சூடு சுட்டார். '5,00 €' என்று விழுந்தது.

"யூரோவும் வருதுங்கண்ணே" என்றேன்.

"அது சக்கரத்தோட வாறது, போகாது. எண் சரிதானே?"

எண் சரிதான். குகன் நாற்பத்தேழாம் பக்கத்தை விரிப்பார். ரவி அண்ணை சுடுவார். நான் சீட்டை அழுத்தித் தேய்த்து மூடி அடுக்குவேன். நாற்பது நிமிடத்தில் நூற்றிருபதும் முடிந்தது. என் புத்தகத்தில் உள்ள எந்த விமானியும் ஒரே நாளில் அவ்வளவு செய்ததில்லை.

"நூற்றிருபது!" என்று துப்பாக்கி முனையை ஊதினார் ரவி அண்ணை.

"நான் விரிக்காட்டி எங்க சுட்டிருப்பியள்? நூற்றிருபதும் என்ர" என்றார் குகன்.

"தேய்க்கலைன்னா எல்லாம் உரிஞ்சு வந்திருக்கும்" என்றேன் நான்.

பிரெஞ்சு முறைப்படி ஆளுக்கு நூற்றிருபது என்று முடிவானது. அவர்கள் தேநீருக்குப் போன நேரத்தில், ஆணியில் தொங்கிய ரவி அண்ணையின் மேலங்கிப் பைக்குள் முப்பத்தைந்து யூரோவை வைத்துவிட்டேன்.

ஞாயிறு பியர்ஃபித்தில் மண்டபம் நிறைந்துவிட்டது. தாய்மார் தமிழில் அதட்டினார்கள், பிள்ளைகள் பிரெஞ்சில் பதில் சொன்னார்கள். புத்தகங்கள் கொடுக்கப்பட்டன. நான் பின்வரிசையில், கறி அடைத்துப் பொரித்த பற்றிஸ் தின்றுகொண்டு, இனித் தப்பித்தேன் என்று நினைத்த நேரத்தில், முன்வரிசையில் பத்து வயதுப் பெண் ஒருத்தி கை தூக்கினாள். நாற்பத்தேழாம் பக்கம். ஐந்தும் நான்கும் மூன்றும் பன்னிரண்டு. இதில் ஐந்து என்று இருக்கிறதே என்று பாதித் தமிழும் பாதிப் பிரெஞ்சுமாகக் கேட்டாள்.

பெற்றோர்கள் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. ரவி அண்ணை ஒலிவாங்கியோடு மேடையில் நின்றார். புத்தகம் பிழை என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் தப்பிவிடலாம். என்னை ஒருமுறை பார்த்தார்.

"மூண்டு பேர் இஞ்சை வாங்கோ" என்று முன்வரிசைப் பையன்களைக் கூப்பிட்டார். "அந்தப் பற்றிஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாங்கோ." மூவரும் தள்ளாடித் தூக்கி வந்தார்கள்.

"ஆர் தூக்கினது?"

"நான்!" என்று மூவரும் கத்தினார்கள்.

"எத்தினை பெட்டி?"

"ஒண்டு!"

"விளங்கிச்சுதோ பிள்ளை? இதில மூண்டு பேரும் பொய் சொல்லேல்லை. கூட்டினாத்தான் பொய். புத்தகம் எழுதின தம்பி சரியாத்தான் எழுதியிருக்கிறார்."

மண்டபம் கை தட்டியது. பின்னாலிருந்து ஒரு தகப்பன் எழுந்தார். "அது சரி அண்ணை, அஞ்சு யூரோ எண்டு ஏன் கிடக்கு?"

ரவி அண்ணை கண் இமைக்கவில்லை. "அது புத்தகத்தின்ர விலை. விரும்பினவை தம்பியிட்டச் சொல்லி வையுங்கோ."

பதினொரு பேர் சொல்லி வைத்தார்கள். அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். மறுமுனையில் அவர் தொலைபேசியை டீக்கடைக்காரரிடம் கொடுத்து, "நீயே கேளு" என்றார்.

இரண்டாம் வார முடிவில் கிளம்பும்போது குகன் வழியனுப்ப வந்து, சரியான ரயிலில் ஏற்றினார். இருக்கையில் உட்கார்ந்து என் சொந்தப் பிரதியைத் திறந்தேன். நாற்பத்தேழாம் பக்கத்தில் முப்பத்தைந்து யூரோ இருந்தது. உடனே குகனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "மேலங்கிப் பைக்குள்ள கிடந்தது எண்டு ரவி அண்ணை எனக்குத் தந்தவர், சனிக்கிழமை வேலை விட்டதுக்காம். எனக்கென்னத்துக்கு? காய்ச்சல் நாளுக்கு முதலாளி சம்பளம் வெட்டேல்லை. அபராதம் என்ர கணக்கில இருக்கட்டும் மச்சான்" என்றார். ரவி அண்ணையைக் கூப்பிட்டேன். "என்ர அட்டையில கட்டினது நான், பேசாமல் போம்" என்றார்.

ஆக, ஏழு விமானங்களைத் தேடியதில் ஆன செலவு முப்பத்தைந்து யூரோ. ரவி அண்ணை கட்டியது முப்பத்தைந்து. குகன் கட்டியது முப்பத்தைந்து. நான் கட்டியது முப்பத்தைந்து. அடியில் கோடு போடவில்லை.